பூட்டுத் திறந்தது, மணி அடிக்கவில்லை!

வெளிநாட்டு செல்போன் வாங்குகிறவர்கள் அறிய வேண்டிய விவரங்கள்

காசு கொடுத்து வாங்கிய செல்போன். கையிலே பளபளவென்று மின்னுகிறது. படம் எடுக்கிறது. பாட்டுப் பாடுகிறது.

ஆனால் வேறு கம்பெனியின் சிம் கார்டைப் போட்டால் மட்டும், "மாட்டேன்" என்று அடம் பிடிக்கிறது!

ஏன் இந்தப் பிடிவாதம்?

போனுக்குள்ளே ஒரு பூட்டு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பூட்டு. அதைப் போட்டது, போனை விற்ற டெலிபோன் கம்பெனி.

சரி, அந்தப் பூட்டைத் திறந்துவிட்டால் போன் எல்லா இடத்திலும் பேசுமா?

பேசாது! அதுதான் வேடிக்கை.

பூட்டுத் திறந்த பிறகும் ஊமையாகவே இருக்கும் போன்கள் உண்டு. சில போன்கள் ஊரோடு எல்லாம் பேசும். ஆபத்து வரும்போது மட்டும் ஊமை ஆகிவிடும்!

இதனால் ஒரு நாடே கவலைப்பட்டது. அந்தக் கதையைப் பின்னால் பார்ப்போம். முதலில் பூட்டின் கதை.

பூட்டு எதற்காக?

அமெரிக்காவில் டெலிபோன் கம்பெனிகளே செல்போனை விற்பது வழக்கம். முழு விலையையும் முதலில் வாங்குவது இல்லை. "பாதி விலை கொடுத்தால் போதும். ஆனால் 2 ஆண்டுகள் எங்களிடமே இருக்க வேண்டும்" என்று ஒப்பந்தம் போடுவார்கள். அல்லது மாதத் தவணையில் கொடுப்பார்கள்.

போனை வாங்கியவர் மறுநாளே வேறு கம்பெனிக்கு ஓடிவிட்டால்? கம்பெனிக்கு நஷ்டம். ஆகவே பூட்டு!

ஒவ்வொரு சிம் கார்டிலும் ஒரு எண் உண்டு. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். இந்தியாவுக்கு 404, 405. அமெரிக்காவுக்கு 310 முதலியவை. அடுத்து வரும் இலக்கங்கள் கம்பெனியைக் குறிக்கும்.

பூட்டிய போன் அந்த எண்ணைப் படித்துப் பார்க்கும். தன் கம்பெனி எண் என்றால் வழி விடும். மற்ற எண் என்றால் கதவைச் சாத்திவிடும்.

17 வயது வாலிபர்

2007-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி அமெரிக்காவில் முதல் ஐபோன் விற்பனைக்கு வந்தது. விலை 499 டாலர், 599 டாலர். இவ்வளவு கொடுத்தும் ஏ.டி. அண்டு டி. என்ற ஒரே கம்பெனியில்தான் பேச முடியும்.

நியூஜெர்சி மாநிலத்தில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்று ஒரு வாலிபர் இருந்தார். வயது 17. போனைப் பிரித்தார். பற்றவைக்கும் சூட்டுக்கோலை எடுத்தார். இரவு பகலாக உட்கார்ந்தார். ஆகஸ்டு மாதமே பூட்டை உடைத்துவிட்டார்!

செய்தி உலகம் முழுவதும் பரவியது. பூட்டு உடைத்த போனை ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டார். பதிலுக்கு ஹாட்சுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? ஒரு நிசான் மோட்டார் காரும் 3 புதிய ஐபோன்களும்!

திறந்தால் ஜெயில்!

பூட்டை உடைப்பது குற்றமா?

அமெரிக்காவில் 1998-ல் ஒரு காப்புரிமைச் சட்டம் வந்தது. சினிமாப் படங்களையும் இசைத் தட்டுகளையும் திருட்டுத்தனமாக நகல் எடுப்பதைத் தடுக்க வந்த சட்டம் அது. மின்சாரப் பூட்டு எதையும் உடைக்கக் கூடாது என்று அது சொன்னது. செல்போன் பூட்டும் அதில் சிக்கிக்கொண்டது!

விதிவிலக்குக் கொடுக்கும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தலைவரிடம் இருந்தது. 2006-ல் அவர் செல்போனுக்கு விலக்குக் கொடுத்தார். 2010-லும் கொடுத்தார். 2012-ல், "இனிப் புதிதாக வாங்கும் போன்களுக்கு விலக்கு இல்லை" என்று சொல்லிவிட்டார்.

2013-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதியில் இருந்து தடை அமலுக்கு வந்தது. லாபத்துக்காகப் பூட்டை உடைத்தால், முதல் குற்றத்துக்கே 5 ஆண்டு வரை ஜெயில். 5 லட்சம் டாலர் வரை அபராதம்.

மக்கள் கொதித்தார்கள். "என் காசு, என் போன். அதைத் திறந்தால் எனக்கு ஜெயிலா?" என்று கேட்டார்கள். ஜனாதிபதி மாளிகைக்கு மனு அனுப்பினார்கள். 1 லட்சத்து 14 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

"மக்கள் கேட்பது நியாயம்" என்று ஜனாதிபதி மாளிகை பதில் சொன்னது. நாடாளுமன்றம் புதிய சட்டம் கொண்டுவந்தது. 2014-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி ஜனாதிபதி ஒபாமா அதில் கையெழுத்துப் போட்டார்.

மற்ற நாடுகள் இன்னும் ஒரு படி மேலே போயின. கனடாவில் 2017 டிசம்பரில் இருந்து போனைப் பூட்டாமல்தான் விற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஜப்பானில் 2021 அக்டோபரிலும், இங்கிலாந்தில் 2021 டிசம்பரிலும் பூட்டுக்குத் தடை வந்தது.

ரேடியோவை நினைத்துப் பாருங்கள்

பூட்டு ஒழிந்தது; கஷ்டம் ஒழிந்ததா? இல்லை.

வீட்டில் இருக்கும் பழைய ரேடியோவை நினைத்துப் பாருங்கள். மத்திய அலை மட்டும் வாங்கும் ரேடியோவில் சிற்றலை நிலையம் கேட்காது. என்னதான் குமிழைத் திருகினாலும் இரைச்சல்தான் வரும்.

செல்போனும் ஒரு வகை ரேடியோதான். கோபுரம் எந்த அலையில் பேசுகிறதோ, அந்த அலை போனுக்கும் தெரிய வேண்டும்.

இந்தியாவில் ஜியோ கம்பெனியின் 4ஜி கோபுரங்கள் 850, 1800, 2300 என்ற மூன்று அலைகளில் பேசுகின்றன. அமெரிக்காவில் டி-மொபைல் கம்பெனி 600 அலையைப் பயன்படுத்துகிறது. இந்தியாவில் விற்கும் போன் பலவற்றுக்கு அந்த 600 தெரியாது. அதைக் கொண்டுபோய் அமெரிக்காவில் போட்டால் என்ன ஆகும்? நகரத்தின் நடுவே நன்றாகப் பேசும். கிராமப்புறத்துக்குப் போனால் திணறும்.

ஒரே பெயர், ஒரே நிறம், ஒரே பெட்டி. ஆனால் கம்பெனி அதையே நாட்டுக்கு ஒரு விதமாகச் செய்கிறது. பெட்டியின் மேல் இருக்கும் மாடல் எண்ணைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

பாஷையும் வேறு!

அலை ஒன்றாக இருந்தாலும் போதாது. பாஷையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒரு காலத்தில் செல்போன் உலகத்தில் இரண்டு பாஷைகள் இருந்தன. ஒன்று ஜி.எஸ்.எம். 1991-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி பின்லாந்து நாட்டில் இந்த முறையில் முதல் பேச்சு நடந்தது. இதில் சிம் கார்டு உண்டு. மற்றொன்று சி.டி.எம்.ஏ. இதில் பல போன்களுக்கு சிம் கார்டே கிடையாது. கம்பெனியின் கணக்கு போனுக்குள்ளேயே பதிந்திருக்கும்.

நம் நாட்டிலும் இது வந்தது. 2003-ல் ரூ.501 முன்பணத்துக்கு ரிலையன்ஸ் போன் கிடைத்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அது சி.டி.எம்.ஏ. போன். வேறு கம்பெனிக்கு மாற நினைத்தவர்கள், போனையே மாற்ற வேண்டி இருந்தது.

பிறகு 4ஜி வந்தது. எல்லாக் கம்பெனிகளும் ஒரே பாஷைக்கு வந்தன. இனிக் கவலை இல்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். அங்கேதான் புதிய சிக்கல் முளைத்தது!

4ஜி முதலில் இன்டர்நெட்டுக்காக வந்தது. பேசுவதற்குப் போன்கள் பழைய 2ஜி, 3ஜிக்கு இறங்கிவிடும். பேசி முடித்ததும் மீண்டும் 4ஜிக்கு ஏறிக்கொள்ளும். 4ஜியிலேயே பேசுவதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். அதற்கு 'வோல்ட்டி' என்று பெயர்.

2016-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி ஜியோ சேவை தொடங்கியது. அதற்கு 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. வோல்ட்டி இல்லாத 4ஜி போனில் ஜியோ சிம்மைப் போட்டவர்களுக்கு இன்டர்நெட் வந்தது, பேச்சு வரவில்லை! அவர்களுக்காக ஜியோ தனியாக ஒரு 'ஆப்' கொடுத்தது.

அமெரிக்காவில் நடந்தது

2022-ல் அமெரிக்காவின் பெரிய கம்பெனிகள் 3ஜியை மூடின. ஏ.டி. அண்டு டி. பிப்ரவரி 22-ந் தேதி மூடியது. டி-மொபைல் ஜூலையில் மூடத் தொடங்கியது. வெரைசன் டிசம்பர் 31-ந் தேதி மூடியது.

ஏ.டி. அண்டு டி. கம்பெனி, "இந்தப் போன்கள்தான் இங்கே வேலை செய்யும்" என்று ஒரு பட்டியல் போட்டது. பூட்டு இல்லாத நல்ல போன்கள் சில அதில் இல்லை. அவற்றிலும் வோல்ட்டி இருந்தது. ஆனால் அந்தக் கம்பெனி சோதித்து ஒப்புக்கொண்ட போன்கள் அல்ல! வைத்திருந்தவர்கள் புதுப் போன் வாங்க வேண்டியதாயிற்று.

ஆபத்தில் கைவிடும் போன்

இப்போது ஆஸ்திரேலியாவின் கதை.

அங்கே போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்சு மூன்றுக்கும் ஒரே எண் 000. 2024-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் கம்பெனிகள் 3ஜியை மூடத் தொடங்கின.

மூடுவதற்கு முன்னால் ஒரு விபரீதம் தெரிய வந்தது. சில போன்கள் சாதாரணப் பேச்சை 4ஜியில் பேசும். ஆனால் 000-ஐ அழுத்தினால் மட்டும் 3ஜியைத் தேடும். அப்படிச் செய்யும்படி தயாரித்தவர்கள் அமைத்துவிட்டார்கள். வெளிநாட்டில் வாங்கிய போன்கள் பல இதில் அகப்பட்டன.

நினைத்துப் பாருங்கள். தினமும் மகளோடு பேசும் பாட்டி. போன் நன்றாக இருக்கிறது என்றே நினைப்பாள். ஒரு நாள் நெஞ்சு வலி வரும். 000-ஐ அழுத்துவாள். எதிர்முனையில் யாரும் பேச மாட்டார்கள்!

இது நடக்கக் கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. 000-ஐக் கூப்பிட முடியாத போனுக்குச் சேவையே கொடுக்கக் கூடாது என்பது உத்தரவு. பேசிக்கொண்டிருந்த போன்கள் நிறுத்தப்பட்டன. மக்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் நம்பி ஏமாறுவதைவிட, முன்பே தெரிந்துகொள்வது மேல் அல்லவா?

நம் வீட்டுக்கு வரும் போன்

தமிழ்நாட்டில் இருந்து அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போயிருக்கும் பிள்ளைகள் பலர். ஊருக்கு வரும்போது அம்மாவுக்கு ஒரு போன் கொண்டுவருகிறார்கள். இங்கிருந்து போகும் பெற்றோரும் தங்கள் போனைக் கொண்டுபோகிறார்கள். இவர்கள் கவனிக்க வேண்டியவை இவை:

1. பூட்டு உண்டா? வேறு கம்பெனியின் சிம் கார்டைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஐபோனாக இருந்தால், அமைப்புகள் பகுதியில் போனைப் பற்றிய விவரப் பக்கத்தில் 'கேரியர் லாக்' என்ற இடத்தில் எழுதியிருக்கும்.

2. தவணை பாக்கி இருக்கிறதா? பாக்கி இருந்தால் கம்பெனி பூட்டைத் திறக்காது. பணத்தைக் கட்டி முடித்து, அந்த நாட்டில் இருக்கும்போதே திறக்கச் சொல்லிவிட வேண்டும். விமானம் ஏறிய பிறகு கேட்டால் அலைச்சல்தான்.

3. சிம் கார்டு போட இடம் இருக்கிறதா? அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-ல் சிம் கார்டு போடும் துளையே கிடையாது! இ-சிம் மட்டும்தான். இங்கே ஜியோ, ஏர்டெல், வி கம்பெனிகளில் இ-சிம் கிடைக்கிறது. கேட்டு வாங்க வேண்டும்.

4. அலை பொருந்துமா? மாடல் எண்ணை வைத்து, தயாரித்த கம்பெனியின் பட்டியலைப் பார்க்க வேண்டும். ஜியோவுக்கு 850, 1800, 2300 தேவை. பி.எஸ்.என்.எல். 4ஜிக்கு 700, 2100 தேவை.

5. 4ஜியிலேயே பேசுகிறதா? யாரையாவது கூப்பிட்டுப் பேசுங்கள். பேசும்போது மேலே 4ஜி அடையாளம் அப்படியே இருந்தால் நல்லது. மறைந்து 2ஜி ஆகிவிட்டால், அந்தக் கம்பெனியில் வோல்ட்டி வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

6. திருட்டுப் போனா? பழைய போன் வாங்குகிறவர்கள் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க எண் வரும். கே.ஒய்.எம். என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து, ஒரு இடம் விட்டு அந்த எண்ணையும் சேர்த்து, 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் விவரம் வரும். திருட்டுப் போன் என்று தடை செய்யப்பட்டிருந்தால், பூட்டுத் திறந்திருந்தும் பயன் இல்லை.

இவ்வளவும் பார்க்கப் பத்து நிமிடம் ஆகும். பல ஆயிரம் ரூபாய் மிச்சம்!

கடைக்காரர், "எல்லா சிம்மும் போடலாம்" என்று சொன்னால், அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் போடுவது வேறு, பேசுவது வேறு. பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன்னால், நம் சிம் கார்டைப் போட்டு வீட்டுக்கு ஒரு தடவை பேசிப் பார்த்துவிடுவதே புத்திசாலித்தனம்.