பெயரா, பிரேமா?

ரோட் பைக் வாங்க விரும்பும் மாணவ நண்பர் கடையில் முதலில் பார்ப்பது குழாயில் எழுதியிருக்கும் பெயரைத்தான். அந்தப் பெயருக்காக நாம் கொடுக்கும் பணமோ கொஞ்சமன்று. வண்டி பிறந்த இடத்தை விசாரித்தால் வியப்பே மிஞ்சும். 1972இல் தைவானில் தொடங்கிய ஜயன்ட் நிறுவனம், ஷ்வின் என்ற அமெரிக்கப் பெயரில் விற்ற சைக்கிள்களைச் செய்து கொடுத்தே வளர்ந்தது. 1981இல்தான் சொந்தப் பெயரில் விற்கத் தொடங்கியது. செய்த கை ஒன்று, ஒட்டிய பெயர் வேறு!

கியரும் அப்படியே. ஜப்பானின் ஷிமானோ செய்யும் 105 என்னும் கியர் வரிசை எந்த வண்டியில் பூட்டினாலும் 105தான். ஆனால் ஒரு தந்திரம் உண்டு. கண்ணில் படும் பின் கியரில் மட்டும் உயர்ந்த ரகத்தைப் பூட்டி, பிரேக்கிலும் செயினிலும் மலிவானதை வைத்து விடுவார்கள். ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கவேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம் பிரேமின் அளவு. 54 சென்டிமீட்டர் வேண்டியவர் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு 58 வாங்கினால் கழுத்தும் முதுகும் வலிக்கும். எவ்வளவு பெரிய பெயரும் அதைத் தீர்க்காது. நம் சாலைகளுக்கு 28 மில்லிமீட்டர் டயராவது நுழைய இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். விலை குறைந்த கார்பன் பிரேமைவிட நல்ல அலுமினியப் பிரேமே மேல் என்பது என் கருத்து.

நான் வாங்கிய வண்டியின் பெயரைக் கேட்டு விடுதியில் சிரித்தார்கள். மிஞ்சிய பணத்தில் ஹெல்மெட்டும் பம்பும் வாங்கினேன். சிரித்தவர்களில் ஒருவர் அந்தப் பம்பை இன்னும் திருப்பித் தரவில்லை.