தரமணியில் அச்சான ராக்கெட் எஞ்சின்

வாடகை கொடுத்தா மட்டும் போதாது, புள்ளிகளும் எடுக்கணும்னு கம்பெனிகளுக்கு நிபந்தனை போடுற இடம் நம்ம சென்னையில எது தெரியுமா நேயர்களே?

தரமணியில இருக்கிற ஐஐடி மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்காதான் அது! அங்கே அலுவலகம் வச்சிருக்கிற கம்பெனி, ஐஐடியோட சேர்ந்து ஆராய்ச்சி செஞ்சாப் புள்ளி, மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தாலும் புள்ளி. பேராசிரியரும் தொழில்காரரும் ஒரே மேசையில உட்காரணும், அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. அருமையான யோசனை இல்லையா?

இந்தச் சூழல்ல வளர்ந்த இளம் நிறுவனம்தான் அக்னிகுல். உலோகத் தூளை அடுக்கடுக்கா உருக்கி, முப்பரிமாண அச்சுல ராக்கெட் எஞ்சின் செய்றாங்க. தனித்தனிப் பாகங்களைப் பற்றவைக்கிற வேலையே இல்லை, முழு எஞ்சினும் ஒரே துண்டு! ஸ்ரீஹரிகோட்டாவுல இஸ்ரோ இடம் கொடுத்துச்சு, தங்களுக்குன்னே ஒரு ஏவுதளமும் அமைச்சாங்க. ஏவுற நாள் பலமுறை தள்ளிப்போச்சு. ஆனாலும் விடலையே! 2024 மே 30ஆம் தேதி காலையில, அந்த எஞ்சின் பொருத்தின ராக்கெட் சோதனைப் பயணமா வானத்துல சீறிப் பாய்ஞ்சது.