விரும்பிய விடைக்கு ஒரு பூட்டு

1933 செப்டம்பர் 1-ஆம் தேதி வேல்ஸில் பிறந்த ஒருவருக்கும் மறுநாள் பிறந்த இன்னொருவருக்கும் என்ன பெரிய வேறுபாடு இருந்துவிடப் போகிறது? சாப்பாடு, படிப்பு, சிறுவயதில் பார்த்த போர், முதுமையில் கிடைத்த மருத்துவம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் 2013 செப்டம்பரில் அங்கே அக்கி நோய்க்குத் தடுப்பூசி போடத் தொடங்கியபோது, 2-ஆம் தேதியோ அதற்குப் பின்போ பிறந்தவர்களுக்குத்தான் உண்டு என்று சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் முன்னால் பிறந்தவருக்கு 80 நிரம்பிவிட்டது. அத்திட்டத்தில் அவருக்குக் கடைசிவரை இடமில்லை. கைவசம் இருந்த மருந்து குறைவு. 80-ஐத் தாண்டிய உடம்பில் அது அவ்வளவாக வேலை செய்யாது என்பது இன்னொரு காரணம். எங்கேயாவது ஒரு கோடு போட்டாக வேண்டியிருந்தது.

அந்தக் கோட்டின் அருமையை உணர்ந்தவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பாஸ்கல் கெல்ட்செட்சர். அவர் குழுவின் ஆய்வு 2025 ஏப்ரலில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. சின்னம்மை வந்து போனபின் அந்த வைரஸ் உடம்பைவிட்டு நீங்குவதில்லை. நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக் கிடந்து, வயதான காலத்தில் அக்கியாக வெடிக்கிறது. அக்கி ஊசி போட்டவர்களுக்கு மறதிநோய் குறைவாக வருகிறது என்று ஏற்கெனவே சில ஆய்வுகள் சொல்லியிருந்தன. ஆனால் அதை அப்படியே நம்பிவிட முடியாது. தானே தேடிப்போய் ஊசி போட்டுக்கொள்கிறவர் பெரும்பாலும் உடம்பைப் பேணுகிறவர். சர்க்கரையைக் கவனிப்பார், நடப்பார், மருத்துவரைத் தவறாமல் பார்ப்பார். பலன் ஊசியால் வந்ததா, அந்தப் பழக்கங்களால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

பிறந்த தேதியோ யாரும் தேர்ந்தெடுத்துக்கொள்வது அல்ல. கோட்டுக்கு ஒரு வாரம் முன்னால் பிறந்தவர்களில் ஊசி போட்டவர்கள் 0.01 சதவீதம், ஒரு வாரம் பின்னால் பிறந்தவர்களில் 47.2 சதவீதம். ஊசியைத் தவிர மற்ற எதிலும் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. 2,80,000-க்கும் மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளை ஏழாண்டுகளுக்குப் பார்த்ததில், ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் மறதிநோய் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பெண்களிடம் பலன் கூடுதல். அந்தத் தேதியில் வேறு நோய்களும் குறைந்தனவா, வேறு அரசுத் திட்டம் ஏதும் அதே தேதியைப் பிடித்துக்கொண்டு வந்ததா என்றெல்லாம் துருவிப் பார்த்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. ஆஸ்திரேலியாவிலும் இதே வகைக் கோடு 1936 நவம்பர் 2-ல் விழுந்திருந்தது. அங்கேயும் பலன் அதே பக்கம்தான் சாய்ந்தது.

மறதிநோய் வந்த பெரியவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இந்த எண்ணின் கனம் தெரியும். எனினும் என்னை ஈர்த்தது எண்ணைவிட, அதை அடைந்த வழி. தனக்குப் பிடித்த விடையைத் தானே எட்டிப்பிடிக்க முடியாதபடி தன் கையைக் கட்டிக்கொள்வதுதான் நல்ல ஆராய்ச்சி என்று நான் நினைக்கிறேன். அண்மையில் வந்த வேறு இரண்டு முடிவுகளையும் இதே கண்ணோடுதான் படித்தேன்.

ஒன்று கணினிக் கோட்பாட்டில். ஒரு கணக்கைச் செய்ய நேரம் வேண்டும், நினைவக இடமும் வேண்டும். ஒரு படிக்கு ஓரிடம் என்று எழுதிக்கொண்டே போனால், லட்சம் கோடி படிகள் கொண்ட கணக்குக்கு லட்சம் கோடி இடங்கள் வரை தேவைப்படலாம். இதைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று 1975-ல் ஹாப்கிராஃப்ட், பால், வேலியன்ட் மூவரும் காட்டினார்கள். அவர்கள் சூத்திரப்படி, கெழுக்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், சுமார் 2,500 கோடி இடங்கள் போதும். அதன்பின் அரை நூற்றாண்டு யாராலும் அசைக்க முடியவில்லை. 2025 பிப்ரவரியில் எம்.ஐ.டி.யின் ரயன் வில்லியம்ஸ் வெளியிட்ட நிரூபணம் அதே கணக்குக்கு ஏறக்குறைய 63 லட்சம் இடங்கள் போதும் என்கிறது. படிகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து, அதைச் சில மடங்கு பெருக்கினால் வரும் அளவு இது. இடம் குறைவதற்கு விலையாக நேரம் மிகமிகக் கூடும். அதனால் நம் மடிக்கணினி நாளைக்கே மாறிவிடாது. ஆனால் நேரத்துக்கும் இடத்துக்கும் உள்ள உறவைப் பற்றி இத்துறை கட்டியிருந்த எண்ணமே ஆட்டம் கண்டது.

அவருக்கு ஏணியாக இருந்தது ஜேம்ஸ் குக், இயன் மெர்ட்ஸ் இருவரின் கண்டுபிடிப்பு. நினைவகம் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அதை வைத்து வேலை செய்ய முடியாது என்றுதான் யாருக்கும் தோன்றும். முடியும் என்பதே அவர்கள் பயன்படுத்திய உத்தி. ஓரிடத்தில் 47 என்று யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள், அழிக்கக்கூடாது. நம் இடைவிடை 5 என்றால் அதன்மேல் கூட்டி 52 ஆக்குகிறோம். மற்ற கணக்குகள் அதைப் பயன்படுத்தி முடித்ததும் அதே 5-ஐத் திரும்பக் கணக்கிட்டுக் கழிக்கிறோம். 47 பழையபடி நிற்கிறது. ஒரே இடம் பல வேலைகளுக்கு மாறிமாறி உதவுகிறது. இவர்கள் இந்த உத்தியைச் செலுத்திய மரவடிவக் கணக்குக்கு அதிக நினைவகம் தேவை என்று கருதி அதை முன்வைத்தவர்களில் ஒருவர் ஸ்டீபன் குக், ஜேம்ஸின் தந்தை. தந்தையின் ஊகத்தின் பெரும்பகுதியை மகன் தகர்த்தார். கணிதத்தில் உறவுமுறை பார்ப்பதில்லை, நிரூபணம்தான் பேசும்.

வில்லியம்ஸுக்கே தம் முடிவை நம்ப முடியவில்லை. எங்கேயோ பிழை இருக்கிறது என்று எண்ணி ஒதுக்கி வைத்தார். பிழை கிடைக்காததால் திரும்ப எடுத்தார். மாதக்கணக்கில் சரிபார்த்த பிறகே வெளியே விட்டார்.

இன்னொன்று சிகாகோ அருகே ஃபெர்மி ஆய்வகத்தில் நடந்தது. மியூவான் என்பது எலெக்ட்ரானைவிட 207 மடங்கு கனமான துகள். காந்தப்புலத்தில் விட்டால் தலைசாய்ந்த பம்பரமாகத் தள்ளாடும். தள்ளாட்டத்தின் வேகத்தை ஸ்டாண்டர்ட் மாடல் என்கிற இயற்பியல் கோட்பாடு முன்கூட்டியே சொல்லிவிடும். அளந்த எண்ணும் சொன்ன எண்ணும் ஒட்டவில்லையென்றால் நாம் அறியாத துகள் ஏதோ குறுக்கிடுகிறது என்று பொருள் கொள்ளலாம். நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் 2001-லேயே அப்படி ஒரு விலகல் தென்பட்டது. அதை உறுதிசெய்ய, 15 மீட்டர் அகலக் காந்த வளையத்தை 2013-ல் பிரிக்காமல் அப்படியே படகில் ஏற்றி, அட்லாண்டிக் கரையோரமாக ஃபுளோரிடாவைச் சுற்றி, ஆறுகள் வழியாக ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் கொண்டுவந்தார்கள். சில மில்லிமீட்டர் முறுக்கிக்கொண்டாலும் வளையம் கெட்டுவிடும்.

இங்கேதான் அந்தப் பூட்டு. தள்ளாட்டத்தை அளக்கும் கடிகாரத்தின் வேகத்தை வேண்டுமென்றே சிறிது மாற்றி வைத்தார்கள். எவ்வளவு மாற்றினார்கள் என்பது குழுவைச் சேராத இருவருக்கு மட்டுமே தெரியும். கடிகாரம் பூட்டிய அலமாரிக்குள், எண் ஒட்டிய உறைக்குள். குழுவினர் ஆண்டுக்கணக்கில் தரவுகளைச் சலித்தார்கள், திருத்தினார்கள், தங்களுக்குள் வாதாடினார்கள். ஆனால் தங்கள் விடை கோட்பாட்டோடு ஒட்டுகிறதா விலகுகிறதா என்று அவர்களால் பார்க்கவே முடியாது. ‘இன்னும் கொஞ்சம் திருத்தினால் சரியாக வரும்’ என்ற ஆசைக்கு அங்கே வேலையில்லை. வேலையெல்லாம் முடிந்தபின் 2021 பிப்ரவரியில், கொரோனா காலமானதால் காணொளிக் கூட்டத்தில், எண் வெளியானது. புரூக்ஹேவன் விடையே மீண்டும் வந்தது. இரண்டையும் சேர்த்தால், இந்த விலகல் தற்செயலாக நேர 40,000-ல் ஒரு வாய்ப்புதான்.

ஏப்ரல் 7-ல் முடிவை அறிவித்தார்கள். அதே நாளில் ‘நேச்சர்’ இதழில் வந்த இன்னொரு கட்டுரை, சூப்பர் கம்ப்யூட்டரில் லேட்டிஸ் முறையில் போட்ட கணக்கைக் காட்டி, கோட்பாட்டின் எண்ணே மாற வேண்டும் என்றது. அடுத்து வந்த லேட்டிஸ் கணக்குகளும் அதன் பக்கமே நின்றன. 2023-ல் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் சோதனை, பழைய கணிப்புக்கு அடித்தளமான தரவுகளோடு முரண்பட்டது. 2025 ஜூன் 3-ல் ஃபெர்மி ஆய்வகம் இறுதி எண்ணை வெளியிட்டது: 0.001165920705. நூறு கோடியில் 127 பங்கு மட்டுமே ஐயம். அவர்கள் வகுத்துக்கொண்ட இலக்கையும் மிஞ்சிய துல்லியம். அதற்குச் சில நாள் முன்னர் கோட்பாட்டாளர்கள் லேட்டிஸ் முறைப்படி திருத்திய கணிப்பு அதோடு ஒத்துப்போனது.

புதிய துகளுக்காகக் காத்திருந்தவர்களுக்கு இது ஏமாற்றம்தான். எனக்கு இது தோல்வியாகப் படவில்லை. ஆசைப்பட்ட பக்கம் எண்ணைச் சாய்க்க வாய்ப்பே வைத்துக்கொள்ளாததால்தான் அந்த அளவீடு அசையாமல் நிற்கிறது, நகர வேண்டியது கோட்பாடு என்று ஆனது. கோட்பாட்டின் இரு வழிகளும், பழைய தரவு வழியும் லேட்டிஸ் வழியும், ஏன் முரண்படுகின்றன என்ற கேள்வி தீரவில்லை. அந்த வேலை தொடர்கிறது. ஒரே வளையத்தில்தான் இருமுறையும் அளந்தார்கள் என்பதால், ஜப்பானின் ஜே-பார்க் ஆய்வகம் முற்றிலும் வேறு முறையில் அளக்கத் தயாராகிறது. அங்கே மியூவான் சுற்றப்போகும் பாதையின் குறுக்களவு 66 சென்டிமீட்டர்.