"ஒரே ஒரு கையெழுத்துதான் தம்பி!" - கால் உடைந்து படுத்திருந்தவரின் வேலையைக் காப்பாற்றிய காகிதங்கள்

ஒரு டஜன் சாத்துக்குடி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், கூடவே ஒரு பிரவுன் கவர். கோவை சரவணம்பட்டியில் இருக்கும் அந்த ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு, கம்பெனியிலிருந்து இரண்டு பேர் நலம் விசாரிக்க வந்திருந்தார்கள். கட்டிலில் இடது காலை இரண்டு தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார் அந்த வீட்டின் குடும்பத் தலைவர். வயது 34. கணபதி பகுதியில் உள்ள ஒரு இன்ஜினீயரிங் ஒர்க்‌ஷாப்பில் சி.என்.சி லேத் ஆபரேட்டர்.

"உடம்பைப் பார்த்துக்கோ தம்பி. ஆறு மாசமோ எட்டு மாசமோ ஆகட்டும். இப்போதைக்கு இதுல ஒரே ஒரு கையெழுத்துப் போட்டுடு. கணக்கை முடிச்சுக் காசு வாங்கித் தர்றேன். கால் சரியானதும் நானே திரும்பச் சேர்த்து விடறேன்" என்று கவரைப் பிரித்தார் சூப்பர்வைசர். உள்ளே இருந்தது ராஜினாமா கடிதம். தேதி முதல் காரணம் வரை எல்லாம் டைப் செய்யப்பட்டிருந்தது. கையெழுத்துக்கு மட்டும்தான் இடம் காலி.

அவர் பேனாவை வாங்கிவிட்டார். அடுக்களையிலிருந்து டீயோடு வந்த மனைவிதான் தடுத்தார். "இருக்கட்டுங்கண்ணா. அவுரு மாத்திரை போட்டுட்டுப் படுத்திருக்காருங்க. படிச்சுப் பார்த்துட்டு நானே கொண்டாந்து தர்றேனுங்க."

அந்தக் கடிதம் கம்பெனிக்குத் திரும்பிப் போகவே இல்லை.

நாய் குறுக்கே வந்த இரவு

2023-ம் ஆண்டு ஜூலை மாதம். இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து, 10.34 மணிக்கு விரல் வைத்துப் பதிந்துவிட்டு பைக்கில் கிளம்பினார். சத்தி ரோட்டில் நாய் ஒன்று குறுக்கே ஓடி வர, பிரேக் பிடித்தவர் பைக்கோடு சாய்ந்தார். பைக்கின் எடை முழுவதும் இடது காலில் இறங்கியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக உடைந்திருந்தது.

108 ஆம்புலன்ஸ், அரசு மருத்துவமனை, மறுநாள் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ மருத்துவமனை, அறுவை சிகிச்சை, எலும்புக்குள் ராடு. ஆஸ்பத்திரிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை. "மூணு மாசத்துக்குக் கால் ஊனக் கூடாது. மெஷின் முன்னாடி எட்டு மணி நேரம் நிக்கிறதுக்கு அஞ்சு மாசமாவது ஆகும்" என்றார் மருத்துவர்.

அவருடைய சம்பளம் 18,000 ரூபாய். வீட்டு வாடகை, இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஊரில் இருக்கும் அப்பாவின் சர்க்கரை மாத்திரை, மகளிர் குழுக் கடன் என எல்லாமே அந்தச் சம்பளத்தையும், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் மனைவியின் வருமானத்தையும் நம்பித்தான் நடந்துகொண்டிருந்தன.

"வலியைவிட, வெறுமனே படுத்துக் கிடக்கறதுதான் அவருக்குத் தாங்கலைங்க. பையன் நோட்டு வாங்கக் காசு கேட்டா, செவுத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்குவாரு" என்கிறார் மனைவி. அப்படி மனம் சோர்ந்து கிடந்த ஏழாவது வாரத்தில்தான் அந்த பிரவுன் கவர் வீட்டுக்கு வந்தது.

வேலை போவது இப்படித்தான்

அடிபட்டு வீட்டில் இருப்பவரை 'உன்னை நீக்கிவிட்டோம்' என்று எழுத்தில் சொல்லும் நிறுவனங்கள் குறைவு. எழுத்தில் சொன்னால் சட்டம் குறுக்கே வரும் என்பது நிர்வாகத்துக்குத் தெரியும். அதனால், 'நீயே எழுதிக் கொடுத்துவிடு' என்று கேட்பார்கள்.

அப்போது நடைமுறையில் இருந்த இ.எஸ்.ஐ சட்டம் 1948-ன் 73-வது பிரிவு இந்த விஷயத்தில் தெளிவாக இருந்தது. ஒரு தொழிலாளி உடல்நலக் குறைவுக்கான உதவித்தொகையோ, தற்காலிக ஊனத்துக்கான உதவித்தொகையோ பெற்றுவரும் காலத்தில் அவரை வேலையை விட்டு நீக்கவோ, தண்டிக்கவோ கூடாது என்றது அந்தப் பிரிவு. சான்றிதழோடு சிகிச்சையில் இருக்கும் காலத்துக்கும் இது பொருந்தியது. அந்த நாள்களில் நீக்க நோட்டீஸ் கொடுத்தாலும் அது செல்லாததாக இருந்தது.

இந்தப் பாதுகாப்புக்கு ஒரு வரம்பும் இருந்தது. தொடர்ந்து 6 மாதம் சிகிச்சையிலோ, தற்காலிக ஊன உதவித்தொகையிலோ இருந்த பிறகு, பணி நிபந்தனைகள் இடம்கொடுத்தால், முறையான நோட்டீஸ் கொடுத்து விடுவிக்க இ.எஸ்.ஐ விதிகள் அனுமதித்தன. காசநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு இந்த வரம்பு இன்னும் அதிகமாக இருந்தது. சாதாரண எலும்பு முறிவு கூடுவதற்கு 6 மாதம் பெரும்பாலும் போதுமான காலம்தான்.

ஆனால், இந்தப் பாதுகாப்பு முழுவதும் நிர்வாகம் நீக்கினால் மட்டுமே கிடைத்தது. தொழிலாளியே ராஜினாமா செய்துவிட்டால், 'அவராக விலகிக்கொண்டார்' என்றாகிவிடும். கட்டாயத்தின் பேரில் கையெழுத்துப் போட்டேன் என்று பிறகு நிரூபிப்பது லேசான காரியம் இல்லை.

இவருக்கு இன்னொரு நஷ்டமும் காத்திருந்தது. அந்த ஒர்க்‌ஷாப்பில் அவர் சேர்ந்து 4 வருடம்தான் ஆகியிருந்தது. ராஜினாமா செய்பவருக்கு கிராஜுவிட்டி கிடைக்க அப்போது 5 வருட சர்வீஸ் வேண்டியிருந்தது. இறப்பு அல்லது ஊனம் காரணமாகப் பணி முடிந்தால் இந்த 5 வருட நிபந்தனை கிடையாது. காரணம் என்ன என்று அந்தக் கடிதத்தில் டைப் செய்யப்பட்டிருந்த ஒரு வரிக்குப் பின்னால் இவ்வளவு கணக்கு இருந்தது. அதில் இருந்த காரணம், 'சொந்தக் காரணங்களுக்காக.'

அதே ஒர்க்‌ஷாப்பில் சில வருடங்களுக்கு முன் பவர் பிரஸ்ஸில் இரண்டு விரல்களை இழந்த ஒருவர், இப்படி ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். 'திரும்பச் சேர்த்துக்கறோம்' என்றுதான் அவரிடமும் சொன்னார்களாம். அந்த அழைப்பு வரவே இல்லை. மனைவி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கிக்கொண்டதற்கு, அந்தக் கதை அவர் காதில் விழுந்திருந்ததே காரணம்.

கிளை அலுவலகத்தில் கேட்ட ஒரு கேள்வி

முதல் மாதம், கம்பெனி இந்த விபத்தைச் சாதாரண 'சிக் லீவ்' என்றே வைத்திருந்தது. 'கேட்டுக்கு வெளியே நடந்தது, நமக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை' என்பது நிர்வாகத்தின் எண்ணம். அதனால், உடல்நலக் குறைவுக்கான உதவித்தொகைதான் வந்துகொண்டிருந்தது. சராசரி தினச் சம்பளத்தில் 70 சதவிகிதம், வருடத்துக்கு அதிகபட்சம் 91 நாள்கள்.

மெடிக்கல் சர்டிஃபிகேட்டைக் கொடுக்க இ.எஸ்.ஐ கிளை அலுவலகத்துக்குப் போன மனைவியிடம், அங்கிருந்த ஊழியர் ஒரு கேள்வி கேட்டார். "வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்ற வழியிலங்களா விழுந்தாரு?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்தது, 2010-ல் இ.எஸ்.ஐ சட்டத்தில் சேர்க்கப்பட்ட 51இ பிரிவு. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ, வேலை முடிந்து வீடு திரும்பும்போதோ ஏற்படும் விபத்தும் பணிக்கால விபத்தாகவே கருதப்படும். விபத்து நடந்த சூழ்நிலை, நேரம், இடம் ஆகியவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு இருப்பதைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

பணிக்கால விபத்து என்று ஏற்கப்பட்டால், கிடைப்பது தற்காலிக ஊன உதவித்தொகை. சராசரி தினச் சம்பளத்தில் 90 சதவிகிதம். 91 நாள் என்ற கெடு கிடையாது. வேலைக்குத் திரும்ப முடியாத காலம் முழுவதும் கிடைக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. 18,000 ரூபாய் சம்பளக்காரருக்குத் தோராயமாக மாதம் 12,600 ரூபாய் வரவேண்டிய இடத்தில் 16,200 ரூபாய் வரும். வித்தியாசம் 3,600 ரூபாய். அந்த வீட்டுக்கு அது பெரிய தொகை.

இந்தப் பணத்தைக் கொடுப்பது கம்பெனி இல்லை, இ.எஸ்.ஐ கழகம். தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 சதவிகிதம், நிர்வாகத்தின் பங்காக 3.25 சதவிகிதம் என மாதாமாதம் கட்டும் சந்தாவிலிருந்துதான் இது வருகிறது. இவர் சம்பளத்தில் மாதம் 135 ரூபாய் பிடித்தார்கள். "தண்டமாப் போகுதுன்னு திட்டிட்டே இருப்பேனுங்க" என்று இப்போது சிரிக்கிறார் அவர்.

கம்பெனி செய்ய வேண்டியிருந்தது, விபத்து அறிக்கையான படிவம் 12-ஐப் பூர்த்தி செய்து அனுப்புவது மட்டுமே. வாய்மொழியாகக் கேட்டபோது 'பார்க்கலாம்' என்றார்கள். மனைவி கடிதமாக எழுதி, ஒப்புகை அட்டையோடு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார். நகல் கிளை அலுவலகத்துக்கும் போனது. ஷிஃப்ட் முடிந்த நேரம் 10.34. அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் இருந்த நேரம் 11.10. இடையில் சத்தி ரோடு. இந்த மூன்றும் பொருந்திப் போனதால், பணிக்கால விபத்து என்பது ஏற்கப்பட்டு, விட்டுப்போன பாக்கியும் வங்கிக் கணக்குக்கு வந்தது.

'உள்ளே விட வேண்டாம்னு சொல்லிட்டாங்க'

டிசம்பரில் 'வேலைக்குத் திரும்பலாம்' என்று மருத்துவர் இறுதிச் சான்றிதழ் கொடுத்தார். லேசாகத் தாங்கித் தாங்கி நடந்தபடி அதை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனார். செக்யூரிட்டி கேட்டைத் திறக்கவில்லை. "அண்ணா, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்களை உள்ளே விட வேண்டாம்னு சொல்லிட்டாங்க." அவருடைய மெஷினில் வேறொரு பையன் நின்றிருந்தான்.

அங்கேயே நின்று சத்தம் போடாமல், வீட்டுக்குத் திரும்பினார். வேலைக்கு வந்ததையும், உள்ளே விடாததையும் தேதி, நேரத்தோடு எழுதி, சான்றிதழ் நகலோடு மறுபடியும் ரிஜிஸ்டர் தபால். அடுத்து, தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு. அப்போது நடைமுறையில் இருந்த தொழிற்தகராறு சட்டம் 1947-ன் 2ஏ பிரிவின்படி, பணிநீக்கம் செய்யப்பட்ட தனி ஒரு தொழிலாளியே, சங்கம் எதுவும் இல்லாமல் இப்படி மனு செய்ய முடிந்தது. 45 நாள்களில் சமரசம் ஏற்படாவிட்டால் நேராகத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போக அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. நீதிமன்றம் போவதற்கு, நீக்கப்பட்ட நாளிலிருந்து 3 வருடம் வரைதான் அப்போது அவகாசம் இருந்தது.

இவர் விஷயத்தில் நீதிமன்றம் வரை போகவில்லை. இரண்டாவது பேச்சுவார்த்தையில், மேஜை மேல் விரித்து வைக்கப்பட்ட காகிதங்களைப் பார்த்த நிர்வாகத் தரப்பு இறங்கி வந்தது. 2024 ஜனவரியில், பொங்கல் முடிந்து வேலைக்குத் திரும்பினார். லேத்தில் இல்லை, உட்கார்ந்து பார்க்கும் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில். இரண்டாவது ஷிஃப்ட்டுக்குக் கிடைத்துவந்த படி இப்போது இல்லை. "முழுசா ஜெயிச்சோம்னு சொல்ல மாட்டேனுங்க. ஆனா, பேரு ரிஜிஸ்டர்ல இருக்கு" என்கிறார்.

எல்லோருக்கும் இந்தக் கதவு திறக்காது

இவர் அரசு ஊழியராக இருந்திருந்தால் நிலைமை வேறு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன்படி, பணிக்காலத்தில் ஊனமடைந்த ஊழியரை அரசு நிறுவனம் நீக்கவோ, பதவி இறக்கவோ முடியாது. பழைய வேலைக்கு உடல் ஒத்துழைக்காவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். தனியார் ஊழியர்களுக்கு இந்தப் பிரிவு இல்லை.

இ.எஸ்.ஐ-யிலும் எல்லோரும் வந்துவிடுவதில்லை. அப்போது 10 பேருக்குக் குறைவாக வேலை பார்த்த பட்டறைகளும், மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கியவர்களும் இதற்கு வெளியே இருந்தார்கள். வேலையில் அடிபடும் பட்டறைத் தொழிலாளிக்கு, 1923-ம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் முதலாளியிடமிருந்து நஷ்டஈடு கேட்க வழி இருந்தது. ஆனால், குணமாகும் வரை வேலையைப் பிடித்து வைத்திருக்கும் 73-வது பிரிவு போன்ற கவசம் அவருக்கு இருக்கவில்லை.

அடிபட்ட முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

* வேலைக்குப் போகும் வழியிலோ, திரும்பும் வழியிலோ விழுந்திருந்தால் அதை மருத்துவமனையில் முதலிலேயே சொல்லிப் பதியச் செய்யுங்கள். விபத்துப் பதிவேட்டின் நகலை வாங்கி வையுங்கள்.

* கம்பெனிக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள். போனில் சொன்னாலும், கூடவே தேதி, நேரத்தோடு ஒரு மெசேஜாவது அனுப்புங்கள்.

* மெடிக்கல் சர்டிஃபிகேட்டில் இடைவெளி விடாதீர்கள். ஒன்று முடியும் முன்பே அடுத்ததை வாங்குங்கள். ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

* உதவித்தொகை வாங்கும் நாள்களில் வேறு இடத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்காதீர்கள். அந்த நாள்களுக்கு உதவித்தொகை கிடையாது.

* வெற்றுத்தாளிலோ, படிக்காத கடிதத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள். 'படிச்சுப் பார்த்துட்டுத் தர்றேன்' என்று சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது.

இப்போது அந்த இன்ஸ்பெக்‌ஷன் மேஜைக்குப் புதிதாகச் சேர்ந்த பையன்கள் பீஸ் கொண்டுவந்து வைத்தால், அளவு பார்த்துக்கொண்டே அவர் ஒரு கேள்வி கேட்கிறார். "இ.எஸ்.ஐ நம்பர் போட்டாச்சா தம்பி? வீட்டுல யாருக்காவது அந்த நம்பர் தெரியுமா?"

வீட்டில், ரேஷன் கார்டும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் இருக்கும் அதே ஃபைலில் அந்த ராஜினாமா கடிதமும் இருக்கிறது. ஏன் கிழித்துப் போடவில்லை என்று கேட்டால் மனைவி சொல்கிறார்:

"கால் எப்படியும் கூடிடும்னு டாக்டர் சொன்னாருங்க. கையெழுத்தைப் போட்டிருந்தா, அதைத் திரும்ப எடுக்க முடியுங்களா? பசங்க பெருசானதும் காட்டணும்னு வெச்சிருக்கேனுங்க."