உங்களுக்குத் தெரியுமா? கேட்டைச் சொல்ல எத்தனை ஆங்கிலம்!

● ‘ஹார்ம்ஃபுல்’ என்ற சொல்லுக்குக் கோட்டு மாட்டிவிட்டால் ‘டெட்ரிமென்டல்’. அலுவலகக் கடிதம், ஆய்வுக் கட்டுரை, நீதிமன்ற மனு போன்ற இடங்களில்தான் இது அதிகம் நடமாடும். உச்சரிக்கும்போது அழுத்தம் ‘மென்’ மேல் விழவேண்டும்.

● இதற்குப் பின்னால் ‘டு’ வருவதுதான் மரபு. ‘ஃபார்’ போடுவது பலருக்கும் கைவந்த பழக்கம், பழக்கமென்றாலும் பிழைதான். ‘உடலுக்குக் கேடு’ என்கிறோமே, அந்த ‘க்கு’ இருக்கும் இடத்தில் ‘டு’வை வைத்தால் போதும்: ‘ஸ்மோக்கிங் இஸ் டெட்ரிமென்டல் டு ஹெல்த்.’ நான்காம் வேற்றுமை தெரிந்தவர் இதைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

● அந்த ‘டு’வை அடுத்து வினைச்சொல் வந்தால் ‘இங்’ சேரும். ‘டெட்ரிமென்டல் டு லேர்னிங்’ என்பதே சரி. ‘டு லேர்ன்’ என்று நிறுத்தினால் மதிப்பெண் போய்விடும். நடுவில் ‘எஃபெக்ட்’ நுழைந்துவிட்டால் ‘டு’ விலகி ‘ஆன்’ வரும்: ‘டெட்ரிமென்டல் எஃபெக்ட் ஆன் ஹெல்த்.’

● லத்தீனில் இதன் வேர், தேய்ப்பதைக் குறிக்கும் வினை. அதனால்தானோ என்னவோ, மெல்லமெல்ல அரிக்கும் கேட்டுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. தூக்கமின்மை, ஓயாத இரைச்சல், வட்டிக்கு மேல் வட்டி எல்லாம் டெட்ரிமென்டல்தான். பாம்புக்கடியை அப்படி எழுதினால் இலக்கணம் மன்னிக்கும், கடிபட்டவர் மன்னிக்கமாட்டார்.

● பழைய ரோமில் இச்சொல்லின் தாய்ச்சொல் ஆளையே கொன்றிருக்கிறது. குடியரசுக்கு ‘டெட்ரிமென்டம்’ எதுவும் நேராமல் ஆட்சித் தலைவர்களான கான்சல்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று செனட் தீர்மானம் போட்டால், அது நெருக்கடிநிலை அறிவிப்பு. கி.மு. 121இல் முதன்முறை அப்படிப் போட்டார்கள். சீர்திருத்தத் தலைவர் காயஸ் கிராக்கஸும் அவருடைய ஆதரவாளர்கள் ஏராளமானோரும் அதில் மாண்டார்கள்.

● இந்திய அரசியலமைப்பிலும் அந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது. செல்வமும் உற்பத்திச் சாதனங்களும் ஓரிடத்தில் குவிந்து பொதுமக்களுக்குக் கேடாக முடியக்கூடாது என்று சொல்லும் 39ஆம் பிரிவில், ‘காமன் டெட்ரிமென்ட்’ என்று பெயர்ச்சொல்லாக.

● ‘இஞ்சூரியஸ் டு ஹெல்த்’ என்றதும் சிகரெட் பெட்டிதான் கண்முன் வரும். ஆனால் பெட்டிக்கு வெகுகாலம் முன்பே அந்தத் தொடர் அரசியலமைப்பின் 47ஆம் பிரிவில் ஏறிவிட்டது. மதுவையும் உடலுக்குக் கேடான போதைப்பொருள்களையும் பற்றிப் பேசும் பிரிவு அது. சிகரெட்டுக்கு எச்சரிக்கையைக் கட்டாயமாக்கிய இந்தியச் சட்டம் 1975இல் வந்தது. அமெரிக்கா 1965ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘மே பி ஹசார்டஸ்’, அதாவது கேடாக இருக்கலாம் என்று பட்டும் படாமலும் எழுதியது. நம் சட்டம் ‘இஸ் இஞ்சூரியஸ்’ என்று நேராகவே சொல்லிவிட்டது.

● ‘இஞ்சூரியஸ்’ பிறந்த ‘இஞ்சூரியா’வுக்கு லத்தீன் சட்டமொழியில் காயம் என்று பொருள் இல்லை; உரிமை மீறல் என்றே பொருள். இழப்பு உண்டு, உரிமை மீறல் இல்லை என்பதற்குச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் சொல்லும் உதாரணம் 1410ஆம் ஆண்டு குளோஸ்டர் பள்ளி வழக்கு. போட்டிக்கு ஒருவர் பக்கத்திலேயே பள்ளி திறக்க, பழைய பள்ளிக்காரர் கட்டணத்தைக் குறைக்கவேண்டி வந்தது. வருமானம் போனது உண்மை. ஆனாலும் வழக்கு நிற்கவில்லை.

● கேடானது என்று பொருள்படும் ‘டெலிட்டீரியஸ்’ என்ற ஒரு சொல்லைச் சுற்றிக் கொக்கோ கோலா பல ஆண்டுகள் வழக்காடியிருக்கிறது. அமெரிக்காவின் 1906ஆம் ஆண்டு உணவு, மருந்துச் சட்டம், வெளியிலிருந்து சேர்த்த நச்சுப் பொருளோ ‘டெலிட்டீரியஸ்’ பொருளோ உணவில் இருக்கக்கூடாது என்றது. 1909இல் அட்லாண்டாவிலிருந்து சட்டனூகாவுக்குப் போன கோலா பாகை அரசு அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். வழக்கின் பெயரே ‘அமெரிக்க அரசு எதிர் நாற்பது பெரிய பீப்பாய், இருபது சிறிய பீப்பாய் கொக்கோ கோலா’ என்ற தினுசில் இருக்கும். பிரதிவாதி இடத்தில் மனிதர் இல்லை, பீப்பாய். அதில் இருக்கும் காஃபீன் கேடு என்பது அரசுத் தரப்பு. இதற்குப் பின்னால் இருந்தவர் ஹார்வி வைலி. உணவில் கலக்கும் பதப்படுத்திகளைத் தன்னார்வ இளைஞர்களுக்குக் கொடுத்துச் சோதித்தவர்; அந்த இளைஞர்களுக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் ‘நச்சுப் படை’.

கம்பெனி ஹாரி ஹாலிங்வொர்த் என்ற இளம் உளவியலாளரை அமர்த்திக் காஃபீன் சோதனைகள் நடத்தவைத்தது. 1911இல் விசாரணை நடந்தது. நீதிபதி சான்ஃபோர்டோ கேடா இல்லையா என்ற கேள்விக்குள்ளேயே போகவில்லை. காஃபீன் கோலாவின் செய்முறையிலேயே இருப்பது, எனவே அதைச் ‘சேர்த்த’ பொருள் என்று சொல்லமுடியாது என்று கம்பெனி பக்கம் தீர்ப்பை முடித்துவிட்டார். 1916இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. செய்முறையில் இருந்தாலும் சேர்த்தது சேர்த்ததுதான், கேடா என்பதை நடுவர் குழு முடிவு செய்யட்டும் என்று திருப்பி அனுப்பியது. கம்பெனி மறுபடி மல்லுக்கு நிற்கவில்லை. காஃபீன் அளவைக் குறைத்துச் சமாதானமாகிவிட்டது. ஆக, கோலாவின் காஃபீன் டெலிட்டீரியஸா என்று எந்த நடுவர் குழுவும் கடைசிவரை சொல்லவேயில்லை!

● கம்ப்யூட்டரில் தட்டுகிற ‘டிலீட்’டுக்கும் இந்த ‘டெலிட்டீரியஸ்’ஸுக்கும் உறவு இல்லை. அது லத்தீன், இது கிரேக்கம். அழுத்தம் ‘டீ’ மேல். மரபணு விஞ்ஞானிகள் கேடான மாற்றத்தை ‘டெலிட்டீரியஸ் மியூட்டேஷன்’ என்றே எழுதுவார்கள். அங்கே ‘பேட்’ போட்டால் எடுபடாது. வீட்டு வாட்ஸ்ஆப் குழுவில் ‘டீப் ஃப்ரை டெலிட்டீரியஸ்’ என்று எழுதுவதும் அப்படித்தான், எடுபடாது.

● ‘பெர்னிஷியஸ்’ இன்னும் கொடியது. லத்தீனில் சாவைக் குறிக்கும் சொல் அதற்குள் ஒளிந்திருக்கிறது. வதந்தி, வெறுப்புக் கொள்கை, கெட்ட செல்வாக்கு என்று சத்தமில்லாமல் பரவுவதற்கு இதைப் போடலாம். ‘பெர்னிஷியஸ் அனீமியா’ என்ற இரத்தச்சோகைக்கு ஒருகாலத்தில் அந்தப் பெயர் அப்படியே பொருந்தியது. வந்தால் பிழைப்பது அரிது. ஈரலை உணவாகக் கொடுத்தால் நோயாளி தேறுகிறார் என்று மருத்துவர்கள் மைனாட்டும் மர்ஃபியும் 1926இல் காட்டினார்கள். விப்பிள் என்ற ஆய்வாளருடன் சேர்த்து அவர்களுக்கு 1934இல் நோபல் பரிசு கிடைத்தது. காரணம் வைட்டமின் பி12 உடலில் சேராததுதான் என்பது பின்னர் தெளிவானது. இன்று ஊசி போட்டுக்கொண்டு சாதாரணமாக வாழலாம், பெயர் மட்டும் மாறவில்லை.

● காற்றைக் கெடுத்தால் ‘நாக்ஷஸ்’. ஆவி, புகை, களை ஆகியவற்றுக்கான சொல். காற்றை ‘நாக்ஷஸ்’ ஆக்குவது குற்றம். இந்தியத் தண்டனைச் சட்டம் 278இல் இருந்த இந்தக் குற்றம், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 280ஆம் பிரிவு. அதிகபட்ச அபராதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது; ஆலை முதலாளிகள் நடுங்கியிருப்பார்கள்! ‘இன்னொசென்ட்’ என்ற சொல்லும் இதே குடும்பம். கேடு செய்யாதவர் என்பதே அதன் மூலப்பொருள்.

● பள்ளிப் பேச்சுப் போட்டிகளின் நிரந்தரத் தலைப்பு, ‘சயன்ஸ்: பூன் ஆர் பேன்?’ அதாவது அறிவியல் வரமா, கேடா? பழைய ஆங்கிலத்தில் ‘பேன்’ என்றால் கொலைகாரன். ‘பூன்’ பழைய நார்ஸ் மொழியில் வேண்டுதல். எதிர்ச்சொற்களாகப் பிறந்தவையல்ல, ஒலி ஒத்துப்போனதால் ஜோடி சேர்ந்தவை.

● ‘ஹி இஸ் டெட்ரிமென்டல்’ என்று மனிதரைச் சொல்லக்கூடாது. அவருடைய செயலையோ பழக்கத்தையோ சொல்லலாம். ஆனால் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பணக்கார வீடுகளில் ‘எ டெட்ரிமென்டல்’ என்றே ஒரு வகை ஆள் இருந்தார். எஸ்டேட் முழுக்க மூத்த மகனுக்குப் போய்விடும். கையில் காசில்லாத இளைய மகன் நன்றாக நடனமாடுவார், இனிக்க இனிக்கப் பேசுவார். பெண்ணைப் பெற்ற அம்மாக்கள் அவரைத்தான் அப்படி அழைத்தார்கள்.