கணினி இசையும் செவியின் சாட்சியமும்

கணினியில் இசை கேட்கும் அன்பர்களிடையே ஓயாத வழக்கொன்றுண்டு. ஒரே இசைக்கோப்பு ஒரு மென்பொருளில் வறட்சியாகவும் மற்றொன்றில் இனிமையாகவும் ஒலிக்கின்றது என்பர் ஒரு சாரார். எண்களை எடுத்துக் கொடுக்கும் ஏவலாளனுக்கு இனிமையேது, வறட்சியேது என நகைப்பர் மற்றொரு சாரார். நாம் நெடுங்காலம் முதற் சாராரைச் சேர்ந்திருந்தோம். அதனோடு அமையாது, நம்முடன் பயின்ற நண்பரொருவரை விலைகொடுத்து ஒரு மென்பொருளை வாங்குமாறும் தூண்டினோம். அவர் செலவிட்ட பணமே இக்கட்டுரைக்குக் காரணம் எனலாம்.

கணினி இசையென்பது யாதென முதலிற் காண்போம். 1982ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த இறுவட்டில், ஒலியலையின் உயரம் செக்கனுக்கு 44,100 தடவை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகப் பொறிக்கப்படுகின்றது. செக்கனுக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை இளஞ்செவியும் உணர்தல் அரிது. அவ்வெல்லையின் இருமடங்கினும் சற்று மிகையாக அளந்தால், அதற்குட்பட்ட அலையை முழுமையாக மீட்கலாம் என்பது கிளாட் ஷனன் 1949இல் வெளியிட்ட கட்டுரையிற் காட்டிய கணிதம். நாற்பதைக் கடந்த நம் போன்றோருக்கு அந்த 20,000 எட்டாக்கனியே.

இவ்வெண்களைக் கோப்பிலிருந்து வாசித்து, வரிசை குலையாமல், மின்னலையாக மாற்றும் கருவியிடம் ஒப்புவித்தலே மென்பொருளின் கடமை. 2001இல் வெளிவந்த ஃபிளாக் போன்ற இழப்பற்ற சுருக்கங்களை விரித்தால் மூல எண்கள் ஒன்றேனும் குறையாது மீளும். எம்மென்பொருள் விரித்தாலும் விடை ஒன்றே. ஐந்தும் மூன்றும் எவர் கூட்டினும் எட்டுத்தானே. எண்களை அலையாக்கும் கணத்தை அளந்து நடத்துவதும் மாற்றுக் கருவியினுள்ளே உள்ள கடிகாரமேயன்றி மென்பொருளன்று.

அங்ஙனமாயின் வேறுபாடு கேட்டதாகக் கூறுவோர் அனைவரும் பொய்யரோ? அல்லர். எண்கள் வழியில் மாறுதற்கு இடமுண்டு. ஒலிச்சமன் செய்யும் பகுதி ஒன்றில் இயங்கிக் கொண்டிருக்கலாம், மற்றொன்றில் அணைந்திருக்கலாம். பாடலுக்குப் பாடல் ஒலியளவைச் சமப்படுத்த 2001இல் டேவிட் ராபின்சன் முன்மொழிந்த 'ரீப்ளே கெயின்' என்னும் ஏற்பாடு ஒன்றில் ஒலியைத் தாழ்த்தியிருக்கலாம். வின்டோஸ் இயங்குதளம் பல செயலிகளின் ஒலிகளையும் ஒன்றாய்க் கலக்கும்போது 44,100ஐ 48,000 ஆக மாற்றிக் கொடுப்பதுமுண்டு. வின்டோஸ் விஸ்தாவிலிருந்து, அக்கலப்பைத் தவிர்த்துக் கருவியைத் தனியுரிமையாய்ப் பிடிக்கும் வழியொன்றும் உளது. இவையெல்லாம் மென்பொருளின் இயல்புகளல்ல, பொத்தான்களின் நிலைகள்.

இவற்றுள் பெருவஞ்சகன் ஒலியளவே. இரண்டில் ஒன்று சிறிதே உரத்து ஒலிப்பின், செவி அதனை 'உரத்தது' என்று கொள்வதில்லை. 'தெளிவானது', 'நிறைவானது' என்றே கொள்கின்றது. தாழ்ந்த ஒலியில் அடித்தொனிகளைச் செவி குறைத்தே உணரும் என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டினர். ஆதலின் சற்று உயர்த்தியவுடன் மிருதங்கத்தின் தொப்பி கனக்கிறது, தம்புரா பரக்கிறது. இதனாலேயே ஒப்பிடுவோர் இரண்டையும் 0.1 டெசிபெல் அளவுக்குள் சமப்படுத்திக் கொள்வர். காதால் மாத்திரம் இதனைச் செய்தல் இயலாது. அளந்தே செய்தல் வேண்டும்.

அடுத்தது பெயரறியாது கேட்டல். அ என்றொன்று, ஆ என்றொன்று. மூன்றாவதாக ஒலிப்பது அவற்றுள் எது என்று சொல்ல வேண்டும். மன்சனும் கார்ட்னரும் 1950இல் விவரித்த இம்முறையின் வழிவந்த சோதனைப்பகுதி, பீட்டர் பாவ்லொவ்ஸ்கி இயற்றிய 'ஃபூபார் 2000' மென்பொருளில் இணைப்பாகக் கிடைக்கின்றது. பத்துமுறை கேட்டு எட்டுமுறை சரியாகச் சொன்னேன் என்று எவரும் மகிழவேண்டா. நாணயம் சுண்டிச் சொன்னாலும் எட்டோ அதற்கு மேலோ சரியாவதற்கு நூற்றில் ஐந்துக்குச் சற்று மேற்பட்ட வாய்ப்புண்டு. ஒன்பதாயின் அவ்வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றளவாய்ச் சுருங்கும்.

நம் கதையைச் சொல்வோம். பழைய நாதசுரப் பதிவொன்றை இரு மென்பொருளிலும் இயக்கி, விலைகொடுத்து வாங்கியதில் கமகங்கள் உயிர்பெற்று நிற்கின்றன என்று ஆசிரியர் ஓய்வறையில் அறுதியிட்டுரைத்தோம். கணினி கற்பிக்கும் இளைய ஆசிரியர் மறுத்துரைக்கவில்லை. இரண்டின் வெளியீட்டையும் கணினிக்குள்ளேயே பதிந்து இரு கோப்புகளாக்கி, ஹெட்போனை நம் கையிற் கொடுத்தார். பதினாறில் பதினைந்து சரி! நாம் எழுந்து நிற்குமுன் அவர் திரையைக் காட்டினார். விலையில்லாததில் ஒலிச்சமன்பாடு இயங்கி ஒலியை ஏறக்குறைய 3 டெசிபெல் தாழ்த்தியிருந்தது. அதனை நீக்கி மீளப் பதிந்து தந்தார். பதினாறில் ஏழு. பின்னர் ஒரு கோப்பிலிருந்து மற்றதைக் கழித்தார், எஞ்சியது மௌனம். உயிர்பெற்ற கமகங்கள் எங்குச் சென்றனவோ அறியோம்.

இதனால் எல்லா வேறுபாடும் மயக்கமென்று கொள்ளற்க. எம்.பி.3 போன்ற இழப்புள்ள சுருக்கத்தை மிகக் குறைந்த வீதத்திற் செய்தால், கூர்மையாய் எழும் ஒலிக்கு முன்னரே ஒரு மங்கல் படரும். காஸ்தனெட் என்னும் ஸ்பானியக் கைத்தாளத்தின் பதிவு இதற்குப் பேர்போன சோதனை. செக்கனுக்கு 64 கிலோபிற்றாகச் சுருக்கிய பஜனைப் பதிவொன்றின் தாளவொலியில் அதே மங்கலைப் பத்தில் பத்து முறையும் நாமே பிரித்தறிந்தோம். எனவே பணமுடையோர் மென்பொருளை மாற்றுமுன் கோப்பை மாற்றுக; அதனிலும் முன்னே ஹெட்போனை மாற்றுக. ஹெட்போன்களின் வேறுபாட்டைக் காண எந்தக் கணிதமும் வேண்டா. மறுபுறம், இறுவட்டின் தரத்தினும் உயர்ந்த பதிவுகளை மேயரும் மொரானும் 2007இல் சோதித்தபோது, 554 முயற்சிகளில் 276 மாத்திரமே சரியாயின. நாணயத்தின் தீர்ப்பும் அதுவே.

நண்பரிடம் உண்மையைச் சொல்ல ஒரு மாதம் தயங்கினோம். பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரவும் ஒருப்பட்டோம். அவர் சிரித்துவிட்டு, அம்மென்பொருளில் தம் பாடல்களை இராகவாரியாக அடுக்கி வைத்திருப்பதாகவும், கல்யாணி முழுவதையும் ஒருங்கே கேட்க முடிவதாகவும், அது போதுமென்றும் சொன்னார். பணத்தை வாங்க மறுத்தார். அன்றிரவு ஒரு தோடியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் கொண்டிருந்தோம். எந்த மென்பொருளில் என்பது நினைவில்லை.