கோல்ஃப் பந்து ஏன் தூரம் போகவில்லை?

பரந்த புல்வெளி. சிறிய முளை ஒன்றின்மேல் வெள்ளைப் பந்து இருக்கிறது. வாட்டசாட்டமான ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு மட்டையை ஓங்கி அடிக்கிறார். பந்து 150 மீட்டரில் விழுந்துவிடுகிறது. அடுத்து ஒல்லியான ஒருவர் வந்து, அலட்டிக்கொள்ளாமல் மட்டையை வீசுகிறார். பந்து 200 மீட்டரைத் தாண்டிப் போகிறது! பலசாலியின் அடி அல்லவா தூரம் போயிருக்க வேண்டும்?

கோல்ஃப் பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. மட்டையின் தலை ஏறக்குறைய 200 கிராம். இவை இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம், ஒரு விநாடியில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான்! அதற்குள் கைகளால் பந்தை உந்தித் தள்ள முடியாது. மோதும் கணத்தில் தலைக்கு என்ன வேகம் இருக்கிறதோ, அதுதான் கணக்கு. நன்றாக அடிபட்ட பந்து, தலையின் வேகத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகத்தில் புறப்படும்.

அந்த வேகம் எப்படி வருகிறது? ஒரு சோதனை செய்து பாருங்கள். அருகில் யாரும் இல்லாத இடத்தில், ஓர் அடி ஸ்கேலின் நுனியை இறுக்கிப் பிடித்துக் கையை வீசுங்கள். பிறகு, நழுவாத அளவுக்குத் தளர்த்திப் பிடித்து வீசுங்கள். இப்போது ஸ்கேல் முதலில் பின்தங்கி, பிறகு கையை முந்திக்கொண்டு சாட்டைபோல் பாயும். கோல்ஃப் வீச்சும் இப்படித்தான். கை ஓர் ஊசல். மணிக்கட்டில் அதனுடன் இணைந்த மட்டை இன்னோர் ஊசல்.

நம் பலசாலி செய்த முதல் தவறு இப்போது புரிகிறதா? மணிக்கட்டை இறுக்கி, வீச்சின் தொடக்கத்திலேயே மட்டையை விரித்துவிட்டார். பந்தை அடைவதற்குள் சாட்டையின் வேகம் தீர்ந்துபோயிற்று.

இரண்டாவது தவறு, பந்து தலையின் நடுவில் படாதது. ஓரத்தில் பட்டால் தலை திருகிக்கொள்ளும். ஆற்றலின் ஒரு பகுதி அதிலேயே செலவாகிவிடும். மட்டையின் முகத்தில் சுண்ணாம்புக்கட்டியைத் தேய்த்துக்கொண்டு அடித்தால், பந்து பட்ட இடம் தெரிந்துவிடும்.

மூன்றாவது தவறு சுழற்சியில் இருக்கிறது. 1890களில் எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் கத்ரி டெயிட், பந்தில் நீண்ட நாடாவை இணைத்துக் களிமண்ணில் அடிக்கச் செய்தார். நாடாவில் விழுந்த முறுக்குகளை எண்ணிச் சுழற்சியைக் கணக்கிட்டார். பின்புறமாகச் சுழலும் பந்து காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. எதிர்விளைவாகப் பந்து மேலே ஏந்தப்படுகிறது. அதனால்தான் அது நெடுநேரம் பறக்கிறது.

ஆனால் அளவு மிஞ்சக் கூடாது. முளைமேல் உள்ள பந்தை மேலிருந்து கீழாக வெட்டி அடித்தால் சுழற்சி மிகுந்து, பந்து வானத்தை நோக்கி ஏறித் தூரம் போகாமல் விழும். வீச்சின் பாதை ஒரு பக்கம், மட்டையின் முகம் வேறு பக்கம் என்றால், சுழலும் அச்சு சாய்ந்துவிடும். வலக்கை ஆட்டக்காரரின் மட்டை முகம் பாதைக்கு வலப்புறம் திறந்திருந்தால், பந்து வலப்பக்கம் வளைந்து ஓடும். இதற்கு ‘ஸ்லைஸ்’ என்று பெயர்.

ஆக, ஒல்லியானவர் ஜெயித்தது மந்திரத்தால் அல்ல. பிடியைத் தளர்த்தினார், மணிக்கட்டைக் கடைசிவரை காத்தார், நடு முகத்தால், நேர் பாதையில் அடித்தார். நாளை கிட்டிப்புள் ஆடும்போது உங்கள் மணிக்கட்டையும் சற்றுக் கவனித்துப் பாருங்களேன்!